அவசியமில்லாத பேச்சு

செவி மந்தமாகிப் போனவர்களைப் பற்றிப் பொதுவாக ஜனங்கள் கொண்டிருக்கும் அபிப்பிராயம், அவர்கள் நிசப்தமானதோர் உலகத்தில் வாழ்கிறார்கள் என்பதுதான். பிறவியிலேயே கேள்விப் புலன் இல்லாதவர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அவர்களுக்குச் சைகைமொழி என்னும் பூரணமான பாஷை ஒன்று இருக்கிறது. அதற்கென்று இலக்கணமும் நயமும் உண்டு. ஆனால், என்னைப்போல ஐம்பது அறுபது வயது வரையில் நன்றாகக் கேட்டுப் பழகிவிட்டு, அதன் பிறகு சிறுகச் சிறுகச் செவிப்புலனை இழந்தவர்களின் உலகத்தில் நிசப்தம் என்ற ஒன்று கிடையவே கிடையாது. தெருவில் போகும் லாரியின் சப்தம் கேட்கிறது. மின்விசிறி சுழலுவது கேட்கிறது. அடுத்த வீட்டுக் கதவை அறைந்து சாத்துவது கேட்கிறது. இவை ஒன்றும் இல்லாத நடுநிசியிலும் காதுக்குள்ளேயே ஓயாத ஓர் இரைச்சல் இருந்துகொண்டிருக்கிறது. எதிரே உட்கார்ந்து ஒருவர் பேசினால், அவர் பேசுகிறார் என்பதும், கோபமாகப் பேசுகிறாரா சந்தோஷமாகப் பேசுகிறாரா என்பதும்கூடத் தெரிகின்றன. என்ன பேசினார் என்பது மாத்திரம் தெரிவதில்லை.

பெண்கள் பள்ளி ஒன்றில் வெகு காலம் தமிழாசிரியையாக இருந்தவள் நான்; ஆகையால் இந்த நிலையை எனக்கு நானே விளங்கவைத்துக்கொள்ள முயன்றபோது ஏட்டுச் சுவடிதான் நினைவுக்கு வந்தது. பழைய ஓலைச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேற்றுமை காட்டுவதில்லை. ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். இவற்றோடு செல்லரித்த இடங்களும் உண்டு. 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சிட்டு வெளிப்படுத்திய உ. வே. சாமிநாதையர் அத்தகைய ஏடுகளை வைத்துக்கொண்டு, முன்பின் நோக்கி, பொருள் நோக்கி, யாப்பு நோக்கி, இந்த இடத்தில் இன்ன எழுத்துத்தான் இருந்திருக்க வேண்டும் என்று நிச்சயித்தார். செவி மந்தமானவர் தம்மிடம் சொல்லப்படும் ஒவ்வொரு வாக்கியத்தையும் அவ்வாறுதான் வாசிக்கிறார். பதிப்பாசிரியருக்கோ ஒரு பாட்டை வைத்துக்கொண்டு மாதக் கணக்கில் யோசிக்க அவகாசம் உண்டு. பேச்சைக் கேட்பவர் ஒரு சொல்லை ஊகித்து முடிப்பதற்குள் அடுத்த வாக்கியம் வந்து நிற்கும். நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்தால், உடம்பால் ஒரு வேலையும் செய்யாதிருந்தும், எங்களைப் போன்றவர்களுக்கு உண்டாகும் அசதி இந்த இடையறாத ஊகத்தினால் வருவது.

ஓசை கேட்டும் சொல் விளங்காமற்போவதற்குக் காரணம் காதின் அமைப்பிலேயே இருக்கிறது. உட்செவியில் இரண்டரைச் சுற்றாகச் சுருண்டிருக்கும் காக்ளியா என்னும் குழலுக்குள் ஏறக்குறைய 15,000 மயிரணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. குழலின் வாயிலில் இருப்பவை உச்ச ஸ்தாயிச் சப்தங்களுக்கும், உள் முனையில் இருப்பவை கீழ் ஸ்தாயிச் சப்தங்களுக்கும் அசைந்துகொடுக்கின்றன. தொலைபேசித் துறையின் ஆராய்ச்சிச் சாலையில் வேலை பார்த்த ஹங்கேரியரான பெக்கேஷி என்பவர், இறந்தவர்களின் உட்செவியை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, சப்தம் அதனுள் அலையாக ஓடுவதைக் கண்ணால் கண்டார். அதற்காக 1961இல் நோபல் பரிசு பெற்றார். வயது ஏறும்போது பெரும்பாலும் முதலில் பழுதுபடுபவை வாயிலருகே உள்ள மயிரணுக்களே. பறவைகளுக்கு அவை மறுபடியும் முளைக்கின்றன, மனிதர்களுக்கு முளைப்பதில்லை. உயிரெழுத்துகளின் பலம் பெரும்பாலும் கீழ் ஸ்தாயியில் இருப்பதனால் அவை தப்பிவிடுகின்றன. சகரத்தின் உரசலும், வல்லினம் வெடிக்கும் அந்த க்ஷணமும், லகர ளகர ழகரங்களை ஒன்றினின்று ஒன்று பிரித்துக் காட்டும் சூட்சுமமும் அதற்கு மேலே இருக்கின்றன, அவை போய்விடுகின்றன. பேச்சின் ஓசை உயிரில் இருக்கிறது. அர்த்தமோ பெரும்பாலும் மெய்யில் இருக்கிறது. ஆகையினாலேதான் எங்களிடம் உரக்கக் கத்துவதில் பிரயோஜனம் இல்லை. கத்தும்போது பெருகுவது உயிரெழுத்து. எங்களுக்கு வேண்டியதோ மற்றது.

என் தகப்பனாருக்கு இது வயதினால் வரவில்லை, மில்லினால் வந்தது. 1888இல் ஸ்டேன்ஸ் துரை கோயம்புத்தூரில் நூற்பாலையைத் தொடங்கினார் என்பதும், 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஊரைச் சுற்றி மில்கள் பெருகின என்பதும் ஊரின் சரித்திரத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த மில்களுக்குள் எத்தனை பேர் தங்கள் செவியை இழந்தார்கள் என்ற கணக்கை நான் எங்கும் படித்ததில்லை. அப்பா தறிக்கூடத்தில் இருந்தார். ஒரே கூரையின் கீழ் நூற்றுக்கணக்கான தறிகள் ஓடும். ஒவ்வொன்றிலும் நாடா இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் அடிபட்டுப் பாயும். அத்தகைய கூடத்தில் நிற்பவர்களின் காதில் 95, 100 டெசிபல் சப்தம் இடைவிடாமல் விழுந்துகொண்டிருக்கும். எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபலுக்கு மேல் அபாயம் என்பதும், மூன்று டெசிபல் கூடுந்தோறும் பத்திரமான நேரம் பாதியாகக் குறையும் என்பதும் இத்துறை அறிந்தவர்கள் இன்று சொல்லும் கணக்கு. அந்தக் கணக்குப்படி 100 டெசிபல் இரைச்சலில் ஒரு மனிதன் நாளொன்றுக்குக் கால் மணி நேரமே நிற்கலாம். அப்பா தம்முடைய யௌவனம் முழுவதையும் அங்கே நின்று கழித்தார். சிலர் கழிவுப் பஞ்சைக் காதில் அடைத்துக்கொள்வார்களாம். அந்த இரைச்சலுக்குப் பஞ்சு போதாது. கூடத்துக்குள் ஒருவரோடொருவர் பேச வேண்டுமானால் உதட்டசைவாலும் கைஜாடையாலும் பேசிக்கொள்வார்கள் என்றும், புதிதாக வந்த பையன்கள் அதைக் கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆகும் என்றும் அவர் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் அந்தப் பாஷை எங்களுக்குத் தெரியாது. அம்மா அவரைக் கூப்பிட வேண்டுமென்றால், "ஏனுங்க, உங்களைத்தானுங்க" என்று முதலில் அடுப்படியிலிருந்து சொல்லிப் பார்ப்பாள். பிறகு எழுந்து போய்த் தோளைத் தொடுவாள். சாப்பிடக் கூப்பிடுவதற்கும், மளிகைக்குப் பணம் கேட்பதற்கும், யாராவது வந்திருக்கிறார்கள் என்று தெரிவிப்பதற்கும் அவள் எழுந்து போனாள். தெருவில் நடந்த ஒரு சச்சரவைப் பற்றியோ, அண்டை வீட்டுக் குழந்தை சொன்ன ஒரு மழலையைப் பற்றியோ சொல்வதற்கு எழுந்து போகவில்லை. போகவும் முடியாது, அவளுக்கு இருந்த வேலை அப்படி. நாங்கள் கூடிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது அப்பா, "என்ன அம்மிணி, என்ன சொல்லுறா உங்கம்மா?" என்று என்னிடம் கேட்பார். "ஒண்ணுமில்லீங்கப்பா, சும்மா" என்பதுதான் வீட்டில் எல்லாரும் சொன்ன பதில். அவர் தலையை ஆட்டிக்கொள்வார். சில வருஷங்களில் கேட்பதையே விட்டுவிட்டார். ஊரார் அவரை மிகவும் அழுத்தமான மனிதர் என்று சொன்னார்கள். கல்யாணத்துக்கு முன் அவர் ஓயாமல் பேசிச் சிரிக்க வைக்கிறவராக இருந்தார் என்று என் அத்தை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

1970களில் என் தமையனார் அவருக்கு ஒரு காது மிஷின் வாங்கிக் கொடுத்தார். சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் பெட்டி. அதிலிருந்து ஒரு ஒயர் காது வரையில் போகும். டார்ச் விளக்குக்குப் போடும் சிறிய பேட்டரிதான் அதற்கும். மைக் பெட்டியிலேயே இருந்தபடியால், சட்டைத் துணி அதன்மேல் உரசும் சப்தம் எதிரில் பேசுகிறவரின் குரலைவிடப் பலமாகக் கேட்கும். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. மயிரணுக்கள் பழுதுபட்ட காதுக்கு மெல்லிய சப்தம் கேளாது. ஆனால் பலத்த சப்தம் மற்றவர்களுக்கு எவ்வளவு பலமோ அவ்வளவு பலமாகவே, சில சமயம் அதைவிட உபத்திரவமாகவே, கேட்கும். கேளாமைக்கும் தாங்காமைக்கும் நடுவில் உள்ள இடம் குறுகிவிடுகிறது. அந்தக் காலத்து மிஷின் எல்லாச் சப்தத்தையும் ஒரே மாதிரியாகப் பெருக்கித் தள்ளியது. அதை விற்றவர் அப்பாவின் காதைச் சோதித்துப் பார்க்கவுமில்லை. ஒரு தட்டு கீழே விழுந்தால் அவர் முகம் வலியினால் சுருங்குவதை நான் பார்த்திருக்கிறேன். பண்டிகை நாட்களில் தமையனாரின் மனம் நோகக் கூடாதென்று அதை அணிந்துகொள்வார். மற்ற நாட்களில் பேட்டரியைக் கழற்றிவிட்டு பீரோவில் வைத்துவிடுவார்.

எனக்கு வந்ததை நான் அறிந்தது ஓர் ஒப்புவித்தல் போட்டியில். ஓய்வு பெற்ற பிறகும் பள்ளிகளில் என்னை நடுவராக அழைப்பார்கள். அன்று மேடையில் நின்று பாடல் சொன்ன ஒரு பெண்ணின் ழகரம் சரியாக இருந்ததா, ளகரமாகத் திரிந்ததா என்று என்னால் நிச்சயிக்க இயலவில்லை. இளமை முதல் என் காது எதில் பழகியிருந்ததோ, அந்த இடத்திலேயே அது தவறிற்று. உச்சரிப்புக்குரிய மதிப்பெண்களை உடனிருந்த நடுவரே போடட்டும் என்று கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து என் கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முன்பே கவனித்திருந்தார் போலும்; வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்கடுத்த மாதங்களில்தான், என் தகப்பனார் எதை இழந்தார் என்பது எனக்கு முழுவதும் விளங்கியது. அவசியமான செய்திகளை யாரும் எனக்குச் சொல்லாமல் விடவில்லை. மகன் வெளியூர் போவதையும், வைத்தியர் சொன்னதையும், பாங்கிக் காரியங்களையும் பக்கத்தில் வந்து நிறுத்தி நிதானமாகச் சொன்னார்கள். அவசியமில்லாதவைதாம் நின்றுபோயின. கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே மருமகள் தனக்குத்தானே போலச் சொல்லும் ஒரு வார்த்தை, தொலைக்காட்சியில் யாரையோ பார்த்து என் கணவர் அடிக்கும் விமரிசனம், பேத்தி விளையாட்டுச் சாமான்களோடு நடத்தும் சம்பாஷணை முதலிய இவை யாரையும் நோக்கிச் சொல்லப்படுபவை அல்ல. இரண்டாம் முறை சொல்லும்படி கேட்டால் வாடிவிடுபவை. கேட்டாலும், "ஒன்றுமில்லை அத்தே" என்ற பதில்தான் வரும், சொல்பவர்களும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு குடும்பத்தில் இருக்கிறோம் என்ற உணர்ச்சி, சொல்லியே ஆக வேண்டிய செய்திகளினால் உண்டாவதன்று. சொல்லாவிட்டாலும் குறைவில்லாத இந்தப் பேச்சுகளினால்தான் அது உண்டாகிறது. செவிக்கருவி ஒன்றை நான் அணிந்துகொள்வதென்றால் அது இவற்றை எனக்கு மீட்டுத் தருவதாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டுதான் அதைத் தேடப் புறப்பட்டேன்.

முதலில் போன கடையில் என்னை வரவேற்று உட்கார வைத்து, குளிர்பானம் கொடுத்து, காதைச் சோதிக்கும் முன்பே ஒரு பட்டியலை விரித்தார்கள். எட்டுச் சேனல், பதினாறு சேனல், அதற்கு மேலும் சேனல் என்று விலை படிப்படியாக ஏறியது. காதுக்குள் முழுவதும் மறைந்துவிடும் மாதிரி, கைபேசியோடு பேசும் மாதிரி என்று வர்ணித்தார்கள். சலுகை அன்று மாலையோடு முடிகிறது என்றும் சொன்னார்கள். ஒரு காதுக்குச் சில ஆயிரத்திலிருந்து லட்சத்துக்கு மேலும் விலையுள்ள ஒரு பொருளை, வாங்குகிறவரின் காதைப் பாராமல் விற்பது தர்மம் அன்று என்று எனக்குத் தோன்றிற்று, எழுந்து வந்துவிட்டேன்.

பிறகு காது மூக்கு தொண்டை வைத்தியர் ஒருவர் பரிசோதித்து, குரும்பி இல்லை, சவ்வில் ஓட்டை இல்லை, இது நரம்பு சம்பந்தமானது என்று கூறி, ஒரு செவித்திறன் நிபுணரிடம் அனுப்பினார். 1965இல் மைசூரில் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு செவி நிறுவனத்தில் பயின்ற இளம்பெண் அவள். சப்தம் புகாத சிறிய அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, எவ்வளவு மெல்லியதாகக் கேட்டாலும் பொத்தானை அழுத்தச் சொன்னாள். கேட்கிறதா, கேட்பதாக நினைத்துக்கொள்கிறோமா என்ற சந்தேகம் அந்த அறையில் ஒவ்வொருவருக்கும் வரும். அதன் பிறகு காதுக்குப் பின்னால் எலும்பின்மேல் ஓர் அதிர்வியை வைத்து மறுபடியும் சோதித்தாள். எலும்பின் வழியாகவும் அதே அளவுதான் கேட்கிறதென்றால் குறை உட்செவியில் என்று அர்த்தம். கடைசியில், தன் வாயை ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு, தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னாள். அட்டையை எடுத்தபின் அதே மாதிரிச் சொற்களில் நான் சரியாகச் சொன்னவை எவ்வளவோ அதிகமாயின.

அவள் காட்டிய படத்தில் வலது காதுக்குச் சிவப்பு வட்டங்களும் இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறிகளும் இருந்தன. 250 ஹெர்ட்ஸிலிருந்து 1,000 ஹெர்ட்ஸ் வரையில் இரண்டு கோடுகளும் ஏறக்குறைய மட்டமாக வந்து, அதற்குமேல் சரிந்து, 4,000இல் 65 டெசிபலுக்கு இறங்கியிருந்தன. "இதுதாங்க அம்மா உங்க காது, இதுக்குத்தான் மிஷினை அளவெடுத்துத் தைக்கணும், விலைக்கு இல்லீங்க" என்றாள். கீழ் ஸ்தாயி எனக்கு நன்றாகக் கேட்கிறபடியால் காதை முழுவதும் அடைக்கும் அச்சு எனக்கு வேண்டாம் என்றும், அடைத்தால் என் குரலே எனக்குள் முழங்கும் என்றும், காதின் பின்னே கருவி இருந்து, மெல்லிய ஒயரின் முனையில் துளையிட்ட ரப்பர் மூடியோடு ஒலிப்பான் மட்டும் உள்ளே போகும் வகை பொருந்தும் என்றும் சொன்னாள். முற்றிலும் உள்ளே மறையும் வகையை நான் விசாரித்தபோது, என் விரல்களை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். மூட்டுகள் தடித்துவிட்ட கையினால் அவ்வளவு சிறிய பேட்டரியை மாற்ற இயலாது என்பதை எனக்கும் தெரியும்படி ஒன்றை எடுத்துக் கொடுத்தே காட்டினாள். மஞ்சள் ஒட்டு 10ஆம் நம்பர், பழுப்பு 312, ஆரஞ்சு 13, நீலம் 675 என்று அந்தப் பேட்டரிகளுக்கு நிறமே அடையாளம். துத்தநாகம் காற்றோடு கலந்து மின்சாரம் உண்டாக்கும் முறை அது. ஒட்டைப் பிரித்தவுடன் காற்றுப் புகுந்துவிடும், உபயோகித்தாலும் உபயோகிக்காவிட்டாலும் தீர்ந்துகொண்டே இருக்கும். சிறு குழந்தைகள் விழுங்கிவிடாமல் வைக்க வேண்டும் என்பதை அவள் இருமுறை சொன்னாள்.

ஒன்று போதாதா என்று என் மகன் கேட்டான். நியாயமான கேள்வி; இரண்டென்றால் செலவும் இரட்டிப்பு. ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை இரண்டு காதுகளுக்கும் வந்து சேரும் நேரத்திலும் பலத்திலும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டுதான் மூளை அறிகிறது; கூட்டத்தில் ஒருவர் குரலைப் பிரித்தெடுப்பதும் அப்படியே; தெருவைக் கடக்கிறவளுக்கு ஆட்டோ எந்தப் பக்கம் வருகிறதென்று தெரிய வேண்டாமா என்று அந்தப் பெண் அவனிடம் கேட்டாள். சேனல்களின் எண்ணிக்கையைக் குறைத்து, கைபேசி வசதியுள்ள மேல் மாதிரியை விட்டு, நடுத்தரமானதில் இரண்டாக வாங்கினோம். அவ்வாறு செய்ததற்காக நான் ஒருநாளும் வருந்தவில்லை.

இந்தச் சிறிய பொருளுக்குள் வந்து சேர்ந்திருக்கும் உழைப்பை நினைக்கும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது. டெலிபோனைக் கண்ட கிரஹாம் பெல்லின் தாயாருக்கும் மனைவிக்கும் காது கேளாது. அவர் கேளாதவர்களுக்கு ஆசிரியராக இருந்தவர். டெசிபல் என்னும் அளவையே அவர் பெயரால் அமைந்தது. அவர் பெயர் தாங்கிய ஆராய்ச்சிச் சாலையில் 1947இல் டிரான்சிஸ்டர் பிறந்தபோது, செவிக்கருவி செய்கிறவர்களிடம் அதற்கு உரிமைத் தொகை வாங்குவதில்லை என்று விட்டுக்கொடுத்தார்கள். 1952ஆம் ஆண்டின் இறுதியிலேயே டிரான்சிஸ்டர் பொருத்திய செவிக்கருவி விற்பனைக்கு வந்துவிட்டது. 1996இல் முழுவதும் டிஜிட்டலான கருவிகள் வந்த பிறகுதான், மெல்லிய சப்தத்தை அதிகமாகவும் பலத்த சப்தத்தைக் குறைவாகவும், அதுவும் ஒவ்வொரு ஸ்தாயிக்கும் வெவ்வேறு அளவாகவும் பெருக்குவது சாதாரண வசதியாயிற்று. என் தகப்பனாரின் முகம் சுருங்கியதற்குப் பரிகாரம் இது. அவர் அதற்குச் சில வருஷங்கள் முன்னதாகவே காலமாகிவிட்டார்.

அணிந்துகொண்ட முதல் நாள், உலகம் மிகவும் கூர்மையாக இருந்தது. எவர்சில்வர் பாத்திரங்கள் நிறைந்த தமிழ்நாட்டுச் சமையலறையைப் போல உச்ச ஸ்தாயிச் சப்தம் மலிந்த இடம் வேறொன்று உண்டா என்பது சந்தேகம். கரண்டியைத் தட்டில் வைத்தாலே திடுக்கிட்டேன். செய்தித்தாளைப் புரட்டும் சப்தமும், குழாயில் நீர் விழுவதும், என் சேலையின் கொசுவம் நடக்கும்போது உரசுவதும் பேச்சுக்குச் சமமாக வந்து நின்றன. இவற்றை அலட்சியம் செய்யும் வித்தையைக் காது செய்வதில்லை, மூளை செய்கிறது. அதற்கு மறுபடியும் பழக வேண்டும். முதலில் வேண்டிய அளவைவிடக் குறைத்தே வைத்து, வாரங்கள் செல்லச் செல்ல அளவைக் கூட்டினாள் அந்தப் பெண். தினந்தோறும் மாலையில் என் கணவர் செய்தித்தாளின் ஒரு பத்தியை உரக்க வாசிக்க, நான் அதே பத்தியைக் கண்ணால் பின்தொடர்ந்தேன். காதில் விழும் சிதைந்த ஒலிக்கும் கண்ணில் படும் எழுத்துக்கும் மறுபடி சம்பந்தம் உண்டாக வேண்டும் என்பதற்காக அவள் சொல்லிக் கொடுத்த அப்பியாசம் அது. எனக்கு அது பள்ளிக்கூடத்து வாய்ப்பாடம் போலவே இருந்ததனால் சிரமமாகத் தோன்றவில்லை. கருவியை வாங்கிய சில நாட்களிலேயே, சரிப்படவில்லை என்று கழற்றி வைத்துவிடுகிறவர்களைப் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம், அவர்களுக்கு இந்தக் காலகட்டத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று மனம் பதைக்கிறது.

கருவியால் எல்லாம் திரும்பிவிடவில்லை. ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் தூரத்தில் பேசினால் நன்றாகத் தெளிகிறது. தூரம் கூடக் கூடத் தெளிவு குறைகிறது. கல்யாண மண்டபங்களில், பளிங்குத் தரையும் வெறும் சுவரும் எதிரொலிக்க, நாதஸ்வரத்தையும் தவிலையும் ஒலிபெருக்கியில் விடும்போது, எந்த விலையுள்ள கருவியும் கைகொடுப்பதில்லை. அங்கே நான் முன் வரிசையைத் தவிர்த்து, சுவரோரமாக, வெளிச்சம் எதிரில் இருப்பவரின் முகத்தில் படும்படியான இடமாகப் பார்த்து உட்காருகிறேன். முகம் அவ்வளவு முக்கியம். தொல்காப்பியர் பிறப்பியலில் ஒவ்வோர் எழுத்தும் வாயின் எந்த உறுப்பு எதனோடு சேரப் பிறக்கிறது என்று கூறியிருப்பதைப் பாடமாக எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அதை எதிரில் இருப்பவரின் முகத்தில் நேராகப் படிக்கத் தொடங்கியது இந்த வயதில்தான். இரண்டு உதடும் சேரப் பிறக்கும் பகரமும் மகரமும் கண்ணுக்கு நன்றாகத் தெரிகின்றன, ஆனால் ஒன்றுக்கொன்று வேற்றுமை தெரிவதில்லை. பாடும் மாடும் உதட்டில் ஒன்றே. மேற்பல்லும் கீழுதடும் சேரும் வகரம் தெளிவு. ககரமும் ஙகரமும் நாவின் அடியில் பிறப்பதால் கண்ணுக்குப் புலப்படா. காது தருவது போக மிச்சத்தைக் கண் தருகிறது, கண் தராததைச் சந்தர்ப்பம் தருகிறது.

2020இல் எல்லாரும் முகக்கவசம் அணிந்துகொண்டபோது, எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கண்ணும் மறைக்கப்பட்டது. துணி உதடுகளை மூடியதோடு உச்ச ஸ்தாயியையும் தணித்துவிட்டது. கவசத்தின் கயிறும் கருவியும் ஒரே காதின் பின்னே இருந்தமையால், கழற்றும்போதெல்லாம் கருவி தெறித்து விழுந்தது. மருந்துக் கடையிலும் ரேஷன் கடையிலும் எழுதிக் காட்டும்படி கேட்டேன். எழுதிக் காட்டியவர்கள் அநேகம் பேர். அவர்களுக்கு நான் கடமைப்பட்டவள்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சுக்குரிய ஸ்தாயிகளில் இரண்டு காதுகளிலும் 60 டெசிபலுக்குக் குறையாமல் இழந்தவர்களையே செவித்திறன் குறைந்தவர்களாகக் கணக்கில் கொள்கிறது. என் இழப்பின் சராசரி அதற்குக் கீழே இருப்பதால் நான் அதில் சேரமாட்டேன். சேர வேண்டிய தேவையும் எனக்கில்லை, ஓய்வூதியம் இருக்கிறது. ஆனால் பல்லடத்திலும் சோமனூரிலும் விசைத்தறி ஓட்டுகிறவர்களை நினைக்கிறேன். இரைச்சலால் வரும் செவிக்குறை தொழிலாளர் சட்டத்தின் அட்டவணையில், அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்றாக இருக்கிறது. வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் நாலு தறி வைத்து ஓட்டும் குடும்பத்துக்கு அந்த அட்டவணை எப்படிப் போய்ச் சேரும்? காதில் செருகிக்கொள்ளும் நுரை அடைப்பான் ஒரு ஜோடியின் விலை ஒரு தேநீரின் விலைக்கு மேல் போகாது. என்னிடம் படித்த பெண்களில் சிலர் அந்த ஊர்களில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகும்போது பழத்தோடு அதையும் கொண்டுபோகிறேன். குழந்தைகள் தறிக்கொட்டகையில் தூங்குவதைக் காணும்போது மாத்திரம் என்னால் பொறுத்துக்கொள்ள இயலுவதில்லை, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற வாரம் உடுமலைப்பேட்டையிலிருந்து என் அக்கா கைபேசியில் கூப்பிட்டாள். அவளுக்கும் இரண்டு மூன்று வருஷமாகச் சரியாகக் கேட்பதில்லை. தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஓசையைத்தான் வெகு காலமாகக் கடத்தி வந்திருக்கிறது, உதடும் தெரியாது, ஆகையால் எங்கள் இருவருக்கும் கைபேசிப் பேச்சு எளிதான காரியமன்று. "கண்ணு, நீ போட்டிருக்கிற மிஷின் பேரைச் சொல்லு, நானும் அதையே வாங்கிக்கிறேன்" என்றாள். என் காதுக்கு அளவெடுத்தது உங்க காதுக்கு ஆகாதுங்கக்கா என்று மெதுவாகச் சொல்லி, இங்கே வரச் சொன்னேன். மருமகளையும் கூட்டிக்கொண்டு வரும்படி வற்புறுத்தினேன். கருவியைச் சோதித்துப் பார்க்கும்போது அந்த நிபுணரின் பழகிய குரலுக்கு அது நன்றாகத்தான் இருக்கும். வீட்டில் நாள் முழுவதும் அக்கா கேட்க வேண்டிய குரல் மருமகளுடையது, அவளோ மிகவும் தணிந்து பேசுகிறவள். இன்னொன்றும் சொன்னேன். சிறு வயதில் அக்காவுக்கு க்ஷயரோகம் வந்து, ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டார்கள். அந்த மருந்து உயிரைக் காப்பாற்றியது, ஆனால் உட்செவியைத் தாக்கும் குணம் அதற்கு உண்டு. பரிசோதனைக்கு முன்பே அதை வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். பழைய சீட்டுகள் எதுவும் மிஞ்சியிருக்கிறதா என்று டிரங்குப் பெட்டியில் பார்க்கிறேன் என்றாள்.